டவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்: மலைப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மலையேறி வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த மடலை எங்கள் பள்ளிக்காக மட்டும் எழுதவில்லை. கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, பர்கூர், கடம்பூர், வால்பாறை என்று போனில் டவர் விட்டுவிட்டு எடுக்கும் ஊர்களில் பள்ளி நடத்துகிற எல்லோரும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. ஊரில் எல்லோரும் அதை டவர் பாறை என்றுதான் சொல்வார்கள். அதன் மேல் ஏறி, போளூர்ப் பக்கம் பார்த்து நின்றால் போனில் இரண்டு கோடு வரும். வருகைப் பதிவு போட, சுற்றறிக்கை வந்திருக்கிறதா என்று பார்க்க, வீட்டுக்குப் பணம் அனுப்ப, எல்லாவற்றுக்கும் அந்தப் பாறைதான். மழை நாளில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக நிற்கிற ஆசிரியரை உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

2018-இல் புதிய பாடநூல்கள் வந்தபோது பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு அச்சிட்டிருந்தார்கள். நல்ல யோசனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போனை நீட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "சார், இந்தக் கட்டத்துக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள். என் போனை நீட்டினேன். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மணி அடித்தது. அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நெட் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மனு கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துப் போய்விடுகிறது, நெட் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு அந்த ஐந்து வருடம் திரும்பக் கிடைக்காது. அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இணைய இணைப்புக்காகக் காத்திருக்காமல், பள்ளிக்குள்ளேயே ஒரு வலையைக் கட்டுங்கள். அதற்கு டவர் வேண்டாம், சிம் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம்.

நெட் இல்லாமல் நெட்வொர்க்கா என்று எங்கள் குழுக் கூட்டத்திலும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கணினி வலை என்றாலே இணையம் என்று நாம் பழகிவிட்டோம். ஒரு கட்டடத்துக்குள் கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட் முறை 1973-லேயே அமெரிக்காவில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்துவிட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல். அப்படியென்றால் நடுவில் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கணினிகள் இப்படித் தமக்குள் பேசத் தொடங்கிவிட்டன. வலையில் ஒவ்வொரு கணினிக்கும் முகவரியாக ஓர் எண் உண்டு. 192.168 என்று தொடங்கும் எண்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை இப்படிப்பட்ட உள்வலைகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்காமல், காசு கொடுக்காமல், எந்தப் பள்ளியும் தன் சுவருக்குள் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் முதலில் செய்தது சின்னக் காரியம். இரண்டு பழைய லேப்டாப், நடுவில் ஐந்து மீட்டர் கேபிள். இரண்டுக்கும் கையால் எண் கொடுத்தோம், ஒன்றுக்கு 192.168.1.10, மற்றதற்கு 192.168.1.11. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை உட்கார வைத்து, கறுப்புத் திரையில் பிங் என்று அடித்து அடுத்த கணினியின் எண்ணைப் போடச் சொன்னேன். அந்தக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை அது. என்டர் தட்டினான். ‘ரிப்ளை’ என்று நான்கு வரி வந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரம். கேபிளைப் பிடுங்கச் சொன்னேன், பதில் நின்றது. திரும்பச் சொருகச் சொன்னேன், பதில் வந்தது. பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் முன்னால் வந்துவிட்டார்கள். "டவர் இல்லாமலா சார்?" என்று கேட்டாள் ஒருத்தி. அன்றைக்கு அந்தக் கேபிளைப் பிடுங்கிச் சொருகாத பிள்ளை வகுப்பில் கிடையாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன், என் தொழில் அதுதானே. சாதாரணத் தரத்தில் ஒரு பாடக் காணொளி ஓட வினாடிக்கு ஏறத்தாழ 1 மெகாபிட் போதும். இருபது பிள்ளைகள் ஆளுக்கொரு காணொளி பார்த்தாலும் 20 மெகாபிட்தான். பல கணினிகளின் கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் கருவிக்கு ஸ்விட்ச் என்று பெயர். சந்தையில் கிடைக்கும் மிக மலிவான ஸ்விட்சும் கேபிள் சொருகும் ஒரு போர்ட்டுக்கு 100 மெகாபிட் தாங்கும். கொஞ்சம் காசு சேர்த்துப் போட்டால் ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட். மலையில் டவர் பாறை மேல் நின்றாலும் ஒரு போனில் ஒரு காணொளி ஒழுங்காக ஓடுவதில்லை. அதே இருபது பிள்ளைகளுக்கு நாம் வாங்கக்கூடிய இணைய இணைப்பு எதுவும் தராத வேகத்தை ஒரு கேபிளும் ஒரு ஸ்விட்சும் தருகின்றன.

சரி, அந்த வலையில் என்ன இருக்கும்? இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெறும் கேபிளைக் கட்டிவிட்டு உள்ளே ஒன்றும் வைக்காமல் போனால் அது காலி அலமாரி.

எங்கள் பெட்டியில், அதாவது மற்றக் கணினிகள் எல்லாம் பாடங்களை எடுத்துக்கொள்ளும் சர்வர் கணினியில், முதலில் ஏற்றியது தமிழ் விக்கிப்பீடியா. 2003-இல் தொடங்கியது, இன்றைக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள். கிவிக்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, 2007-இல் இருந்து இந்த ஒரே வேலைக்காக வளர்ந்து வருகிறது. முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாகச் சுருக்கிக் கொடுக்கும், இணையம் இல்லாமல் தேடிப் படிக்கலாம். தமிழ் முழுவதும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடுகிறது. ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு வேண்டுமென்றால் 100 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். நாங்கள் அதையும் வைத்திருக்கிறோம், மேல்நிலைப் பிள்ளைகளுக்கு. கூடவே தமிழ் விக்சனரி என்ற அகராதி. அகராதி ஒன்றைக்கூடப் பார்க்காத வீடுகளில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் அடுத்தது. சங்க இலக்கியம் முதல் பாரதி வரைக்கும் இருக்கிறது. முகப்புக் குறிப்பை மாற்றாமல் யாரும் எடுத்துப் பகிரலாம் என்று அவர்களே அனுமதித்திருக்கிறார்கள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை பாடநூல்களின் பிடிஎஃப், முந்தைய வருடக் கேள்வித்தாள்கள், கியூஆர் கோடுக்குப் பின்னால் இருக்கும் காணொளிகளில் இறக்க முடிந்தவை. எல்லாவற்றையும் வகுப்பு, பாடம், இயல் என்று கோப்புறை போட்டு அடுக்கினோம். அந்த அடுக்கும் வேலைக்கு மட்டும் ஒரு மே மாதம் முழுக்கப் போனது. அதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கணினி வேலையைவிட அதுதான் பெரிது.

அறிவியலுக்கு ஃபெட் விளையாட்டுப் பாடங்கள். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஒரே கோப்பு, இறக்கி வைத்துக்கொண்டால் எந்தப் பிரவுசரிலும் ஓடும், பல பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன. மின்சுற்றுப் பாடத்தில் பிள்ளைகள் திரையில் பேட்டரியையும் பல்பையும் வயரால் இணைக்கிறார்கள். பேட்டரியை மாட்டாமல் வயரை மட்டும் சுற்றி இணைத்துவிட்டு, "ஏன் சார் எரியல?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கரும்பலகையில் படம் போட்டு நடத்திய வருடங்களில் எனக்கு வந்ததே இல்லை. கணக்குக்கு, திரையில் வடிவங்களும் வரைபடங்களும் வரையும் ஜியோஜீப்ரா. அப்புறம் கோலிப்ரி. பாடம், காணொளி, பயிற்சிக் கணக்கு, எந்தப் பிள்ளை எதை முடித்தது என்ற கணக்கு எல்லாம் ஒன்றாக வைத்துக்கொள்ளும் மென்பொருள். இணையம் எட்டாத பள்ளிகளுக்கென்றே செய்தது, இலவசம். அதில் ஆங்கிலத்தில் கிடைக்கும் அளவுக்குத் தமிழில் பாடங்கள் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இடைவெளியை நம் ஆசிரியர்கள்தான் நிரப்ப வேண்டும். போனில் பத்து நிமிடம் படம் பிடித்து வலையில் வைத்தால் போதும், பிள்ளைகள் தங்கள் டீச்சரின் குரலைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

எங்கள் மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-இல் திறந்து வைத்து வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டினார்கள். அதே மலையில் படிக்கும் பிள்ளை சூரியக் குடும்பப் பாடத்துக்குக் கோள்கள் சுற்றுவதை ஒருமுறைகூடத் திரையில் பார்க்காமல் தேர்வு எழுதிக்கொண்டிருந்தது. இப்போது பார்க்கிறது.

வலை வந்த இரண்டாம் மாதம் நடந்ததை நீங்கள் கேட்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி விக்கிப்பீடியாவில் ஜவ்வாது மலையைத் தேடிப் படித்துவிட்டு வந்தாள். "சார், இதுல எங்க ஆயா போடுற சாமை பத்தி சரியா இல்ல. நான் எழுதட்டுமா?" என்றாள். எழுது என்றேன். கையெழுத்தில் நான்கு பக்கம் கொண்டுவந்தாள். எந்தச் சாமையை எந்த மாதம் விதைப்பார்கள், எந்தக் காட்டு மண்ணுக்கு எது ஒத்துவரும், குத்தும்போது உமி எப்படிப் பறக்கும், ஒரு படி சாமைக்கு எவ்வளவு அரிசி தேறும் என்று எல்லாம் இருந்தது. ஆயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதியிருக்கிறாள். தமிழ்99 விசைப்பலகையில் தட்டத் தட்ட அவளுக்கு மூன்று வாரம் ஆனது. அதை ஒரு பக்கமாக்கி எங்கள் வலையில் வைத்தோம். மறுவாரம் தேன் எடுப்பது பற்றி ஒரு பையன் கொண்டுவந்தான், அப்புறம் பலா, அப்புறம் பீமன் அருவிக்குப் போகும் பழைய வழி. இப்போது எங்கள் வலையின் முதல் பக்கத்திலேயே ‘நம்ம மலை’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தன்று அதைத் திறந்து காட்டினோம். பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத ஆயா ஒருவர் தன் பேச்சு திரையில் எழுத்தாக இருப்பதைப் பேத்தி வாசிக்கக் கேட்டார். இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னார். அந்தத் திருத்தத்தை அன்று சாயங்காலமே போட்டோம்.

இணையத்தில் எங்கள் பிள்ளைகள் பார்க்கிறவர்களாக மட்டும்தான் இருப்பார்கள். அந்த இடம் அவ்வளவு பெரியது. இந்தச் சின்ன வலையில் அவர்கள் எழுதுகிறவர்கள். இதற்காகவே, நாளைக்கு நல்ல இணைப்பு வந்தாலும் எங்கள் வலையைக் கழற்ற மாட்டேன்.

கட்டுவதற்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். சர்வருக்கு ஒரு பழைய டெஸ்க்டாப் போதும். நாங்கள் பழுதுபார்த்து விற்கும் கடையில் ஒன்றை வாங்கி, 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டோம். கணினியை இயக்க விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ், உரிமத்துக்குக் காசு இல்லை. ஒரு ஸ்விட்ச், ஒரு சாதாரண வீட்டு வைஃபை ரூட்டர், கேபிள், முனைக்குப் போடும் ஆர்ஜே45 கனெக்டர், ஒரு யுபிஎஸ். ரூட்டரில் இணைய வயர் சொருகும் ஓட்டையைக் காலியாக விட்டுவிடுங்கள். மற்ற ஓட்டைகளும் வைஃபையும் அது இல்லாமலே வேலை செய்யும். சர்வருக்கு மட்டும் மாறாத எண் ஒன்றைக் கொடுங்கள். பிள்ளைகள் பிரவுசரில் தட்ட வேண்டிய எண் அதுதான். எங்கள் சர்வரின் எண்ணை முதலில் சாக்பீசில் எழுதினோம், அழிந்துகொண்டே இருந்தது. பிறகு பெயிண்டர் ஒருவர் திருக்குறளுக்குக் கீழே நீல எனாமலில் எழுதிக் கொடுத்தார்.

பிள்ளைகள் உட்காரும் கணினிகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2011 முதல் பல வருடம் மேல்நிலைப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா லேப்டாப் கொடுத்ததே, அவை இப்போது எங்கே? எத்தனையோ வீட்டில் பரண் மேல் கிடக்கின்றன. பேட்டரி போயிருக்கும், அடாப்டர் இருக்கும். எங்கள் வலையில் அந்தக் கணினி செய்ய வேண்டியது ஒரு பிரவுசரைத் திறப்பது மட்டும்தான், பாரமெல்லாம் சர்வரில். அதனால் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் அது இன்னும் சில வருடம் உழைக்கும். முன்னாள் மாணவர்களிடம் கேட்டோம், ஒரு தீபாவளி விடுமுறையில் ஒன்பது வந்து சேர்ந்தன. ஆறு ஓடின, மீதி மூன்றும் உதிரி பாகத்துக்கு ஆனது. கேளுங்கள், கொடுப்பார்கள்.

கேபிள் முனை போடுவதைப் பிள்ளைகளுக்கே கற்றுக் கொடுங்கள். எட்டுக் கம்பி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். எங்கள் பிள்ளைகள் இதை வாய்ப்பாடு போல ராகத்தோடு சொல்வார்கள். ஒருவர் கம்பியைப் பிரித்து நகத்தால் நேராக்கிப் பிடிக்க, இன்னொருவர் நுனியை ஒரே மட்டமாக வெட்டி, கனெக்டருக்குள் தள்ளி, எட்டும் கடைசிவரை போயிருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கனெக்டரைக் கேபிளோடு இறுக்கும் கிரிம்பிங் டூலை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். நான்காவது பச்சை இல்லை, நீலம். அந்த ஓர் இடத்தில்தான் எல்லோரும் தவறுவார்கள்.

இனி, நாங்கள் பட்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன், நீங்கள் படாமல் இருக்க. எல்லாவற்றையும் டவுனில், நல்ல இணைய வசதி இருக்கும் இடத்தில் ஏற்றி முடித்துவிட்டு மலைக்குக் கொண்டுவாருங்கள். கிளம்பும் முன் இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து சோதியுங்கள். நான் அந்தச் சோதனையைச் செய்யாமல் கொண்டுவந்ததால் ஒரு சின்ன மென்பொருள் குறைந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி பஸ்ஸில் போளூர் இறங்க வேண்டியதானது. முதல் வருடம் சர்வராக ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வைத்திருந்தோம். கையகலம்தான், மின்சாரமும் குறைவாகவே எடுக்கும், நல்ல பொருள். ஆனால் எங்களிடம் இருந்த அதற்குள் கடிகார பேட்டரி இல்லை. இணையம் இருந்தால் நேரத்தை அங்கிருந்து வாங்கிக்கொள்ளும். எங்களிடம் இல்லாததால் வெள்ளிக்கிழமை அணைத்தால் திங்கட்கிழமை காலையிலும் அது வெள்ளிக்கிழமையிலேயே நின்றது. பயிற்சிக் கணக்குகளின் தேதியெல்லாம் தப்பு. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் அதைக் கண்டுபிடித்தான். சில நூறு ரூபாயில் ஒரு கடிகாரத் துண்டு வாங்கிப் பொருத்தினால் சரியாகிவிடும். மின்வெட்டில் மெமரி கார்டும் இரண்டு முறை கெட்டுப்போனது. அதற்குப் பிறகுதான் டெஸ்க்டாப்புக்கும் யுபிஎஸ்ஸுக்கும் மாறினோம்.

இடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் திறந்த வெளியில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். மலையில் ஒரு நல்ல இடி போதும், ஸ்விட்ச் முதல் கணினி வரை எல்லாம் போய்விடும். அடுத்த கட்டடத்துக்கு வைஃபை எட்டினால் எட்டட்டும், இல்லையென்றால் லேபிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எலிக்கு, கேபிளைப் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். போனில் வைஃபையைப் பிடித்தால், ‘இணையம் இல்லை’ என்று சொல்லி அது தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால் சரி. வீட்டு ரூட்டர் ஒன்றில் இருபது பேருக்கு மேல் வைஃபையில் காணொளி பார்த்தால் திணறும், அதனால் முடிந்த கணினிகளுக்கெல்லாம் கேபிளே கொடுங்கள்.

கருவிகளைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அதைத் தலைமையாசிரியர்களிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். பீரோ. எத்தனை பள்ளியில் கணினி பீரோவுக்குள் இருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். உங்களைக் குறை சொல்லவில்லை. இருப்புப் பதிவேட்டில் உங்கள் பெயரில் இருக்கிறது, உடைந்தால் தணிக்கையில் பதில் சொல்வது நீங்கள், ஓய்வு பெறும் நேரத்தில் ஒரு மௌஸுக்காக நிலுவையின்மைச் சான்று நிற்கும் என்ற பயம் உங்களுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கு ஒரு நிறுவனம் நல்ல மனதோடு டேப்லெட் கொடுத்தது. ஒரு வருடம் கழித்து எல்லா டேப்லெட்டும் இணையத்தில் மறுபடி லாகின் செய்யச் சொன்னது. மலையில் எங்கே போய்ச் செய்வது? அன்றைக்குப் பீரோவுக்குள் போனவை இன்னும் வெளியே வரவில்லை. யாராவது நன்கொடையாக ஏதாவது கொடுக்க வந்தால், இணையம் இல்லாமல் மூன்று வருடம் ஓடுமா என்று முதலில் கேளுங்கள். ஓடாது என்றால் வேறு ஏதாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

உடையும் பயத்துக்கு எங்கள் குழு ஒரு வழி கண்டது. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அவர்கள் கூடி, பயன்பாட்டில் பழுதானால் அதற்குக் குழு பொறுப்பு, ஆசிரியரிடம் பணம் கேட்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். கையெழுத்தும் கைநாட்டுமாக அந்தப் பக்கம் நிறைந்தது. அடுத்த நாள் பீரோ திறந்தது. தலைமையாசிரியருக்கு அந்த ஒரு பக்கம்தான் வேண்டியிருந்தது.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அரசு அமைத்த ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் இருக்கிறதே, இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். இருக்கிற லேபில் கேபிளும் ஸ்விட்சும் போட்டாகிவிட்டது, பாதி வேலை முடிந்தது என்று நினைத்துச் சந்தோஷப்படுங்கள். அந்தச் சர்வரில் கை வைக்க வேண்டாம், அது பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கும். நம் பெட்டிக்கு லேபின் எண் வரிசையிலேயே வேறு கணினிக்கு இல்லாத ஓர் எண் கொடுத்து, ஒரு கேபிளால் அதே ஸ்விட்சில் இணைத்துவிட்டால் லேபில் உள்ள எல்லாக் கணினியும் அதைப் பார்க்கும். ரூட்டரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள், இரண்டு இடத்திலிருந்து எண் கொடுத்தால் குழப்பம் வரும். இதற்கு அனுமதித்து மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு செயல்முறைக் கடிதம் வந்தால் தலைமையாசிரியர்கள் தைரியமாகச் செய்வார்கள். இந்த மடலை அலுவலர்கள் யாரும் படித்தால், அந்த ஒரு தாளை அனுப்பும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பராமரிக்க ஆள் இல்லை என்பதும் உண்மைதான். கேரளத்தில் 2018-இல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றங்களைத் தொடங்கினார்கள். கணினியில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து, பள்ளியின் கணினி வேலைகளிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளாலும் முடியும். எங்கள் பள்ளியில் காலையில் சர்வரைப் போடுவதும் சாயங்காலம் முறைப்படி அணைப்பதும் ஒன்பதாம் வகுப்பில் நான்கு பேர் பொறுப்பு, அதில் மூன்று பேர் பெண்பிள்ளைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கை டவுனுக்குக் கொண்டுபோய்ப் புதியவற்றை ஏற்றி வருவது என் வேலை.

இணையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடி இழைக் கேபிள் ஊருக்கு வந்தால் முதலில் கையெழுத்துப் போடுவது நானாகத்தான் இருக்கும். வேலைவாய்ப்பு, உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பம் எதற்கும் இந்த உள்வலை உதவாது, அதற்கெல்லாம் நிஜ இணைப்புதான் வேண்டும். மனுக்களை நிறுத்தாதீர்கள். இன்றைக்கு வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு இன்றைக்கே கொடுக்கக்கூடியதைக் கொடுத்துவிட்டு, மனுவையும் கொடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் இதை எழுதுங்கள். பள்ளிக்குள் இணையம் இல்லாத உள்வலை அமைப்பது. பயன்பாட்டில் பழுதானால் குழு பொறுப்பேற்பது. முன்னாள் மாணவர்களிடம் பழைய லேப்டாப் கேட்பது. யார் கேட்பது என்று பெயரையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பணம் குறைந்தால், 2022-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற அரசுத் திட்டம் வழியாகவும் உதவி கேட்கலாம்.

எங்கள் பெட்டியில் இருப்பது முழுவதையும் பிரதி எடுத்துத் தரத் தயாராக இருக்கிறேன். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் கொண்டுவாருங்கள், ஓர் இரவு ஓடினால் ஏறிவிடும். முதல் வலை கட்டும் அன்று கூட நிற்க ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் வருகிறேன், ஒன்பதாம் வகுப்பு நால்வரும் பெற்றோர் அனுமதித்தால் வருவார்கள். கிரிம்பிங் டூல் எங்களிடம் இருக்கிறது. நீங்கள் பத்து மீட்டர் கேபிளும் ஒரு டஜன் கனெக்டரும் மட்டும் வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
ஜவ்வாது மலை அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர்